காணாமல் போன 'மாட்டேன்'

அத்தியாயம் 4

அதிபர் மாளிகை ஒரு காகிதத்தைத் தொலைத்துவிட்டது. கடலுக்கடியில் போகிற கப்பலைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஆள் உண்டு, வானத்தில் இருந்தபடி கார் நம்பரைப் படிக்கக் கருவியும் உண்டு. ஆனாலும் அந்த அக்டோபர் வியாழக்கிழமை மதியம் அதிபரின் வக்கீல்களில் ஒருவர் வாஷிங்டன் யூ தெருவுக்கு வந்து, துப்பறியும் லூசிண்டா பெக் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

பெயர் பிரெஸ்காட் வேல். முப்பதைத் தாண்டாத முகம், அறுபதைத் தாண்டிய கர்வம். பீன்ஸும் கறியும் கொதிக்கிற சில்லி ஒரு கிண்ணம் கேட்டார். கூடவே இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் தடவிய சுருள் பன் ஒன்று கேட்டார். வந்ததும் பன்னைப் பிய்த்துச் சில்லியில் முக்கிச் சாப்பிட ஆரம்பித்தார். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு கொலை நடப்பதைப் போலப் பார்த்தார்.

லூசிண்டாவின் உதவியாளன் ரூஃபஸுக்கு நாக்கு ஊறியது, சில்லிக்காக அல்ல, கிண்டலுக்காக. வக்கீல் பரீட்சையில் மூன்று முறை கோட்டை விட்டவன் அவன். அதனால் பாஸான வக்கீல் யாரைக் கண்டாலும் வாய் சும்மா இருக்காது. லூசிண்டா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். நாடாளுமன்றம் இருக்கிற கேப்பிடல் கட்டடத்தில் இருபது வருடம் காவல் வேலை பார்த்த பூட்ஸ் அது. ரூஃபஸ் வாயை மூடிக்கொண்டான்.

பிரெஸ்காட் சொன்ன கதை இதுதான். அதிபருக்கு ஒரு கோல்ஃப் நண்பர். அவரை ஏதோ ஒரு வெயில் நாட்டுக்குத் தூதராக அனுப்ப அதிபருக்கு ஆசை. அதிபர் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, செனட் சம்மதிக்க வேண்டும். மேரிலாண்ட் செனட்டர் ஒருவர் சம்மதிக்கவில்லை, நண்பர் ஒரே ஓட்டில் கவிழ்ந்தார். அதிபருக்குப் பெரிய மனசு. அதில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பார், முக்கியமாகக் கோபத்தை. அதே செனட்டர் கொண்டு வந்த சின்ன மசோதா ஒன்று செனட், பிரதிநிதிகள் சபை இரண்டையும் தாண்டி அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு ஆளுக்காகப் போட்ட மசோதா. சபையில் யாரும் படித்துப் பார்க்கவில்லை, அதனால் யாரும் எதிர்க்கவும் இல்லை.

"யாருக்கான மசோதா?" என்று கேட்டாள் லூசிண்டா.

"யாரோ ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். சில்வர் ஸ்பிரிங்காம். பேரு ஹிருட். எத்தியோப்பியாவுல பொறந்தவ. சின்னப் பிள்ளையா இருக்கும்போதே இங்க ஒரு குடும்பம் தத்தெடுத்திருக்கு. பேப்பரை லேட்டா தாக்கல் பண்ணிட்டாங்க. சட்டப்படி அவ இங்க இருக்கக் கூடாது. இந்த மசோதா சட்டமானா இருக்கலாம். இல்லன்னா அடுத்த வாரம் விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க."

ரூஃபஸின் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் பாதி வழியில் நின்றுவிட்டது.

அவன் வீடும் சில்வர் ஸ்பிரிங்தான். ஏழு வயது மகள் நெல் தினமும் ஏறுவது அந்த ஹிருட்டின் மஞ்சள் பஸ். வளைவில் திரும்பினால் நெல்லுக்குக் குமட்டும் என்று தெரிந்து, முதல் வரிசையில் ஜன்னலோரம் அவளுக்கென்று இடம் வைத்திருக்கிறவள் ஹிருட். நெல்லின் அம்மா வீட்டை விட்டுப் போன குளிர்காலத்தில் பிள்ளை யாரிடமும் வாய் திறக்கவில்லை, அப்பனிடம்கூட. ஹிருட்டுக்கு மட்டும் காலையில் ஒரு குட் மார்னிங் சொல்வாள். அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்பதற்காகவே ரூஃபஸ் பஸ் நிறுத்தத்தில் நின்ற நாட்கள் உண்டு.

நேற்று மாலை நெல் ஒரு படத்தோடு வீட்டுக்கு வந்தாள். டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த, அவளே வரைந்த ஒட்டகச்சிவிங்கி. எல்லாருடைய படத்தையும் ஹிருட் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பஸ்ஸுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிப்பார்களாக இருக்கும் என்று ரூஃபஸ் சொல்லி வைத்திருந்தான். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

பிரெஸ்காட் பன்னை முக்கியபடி மேலே சொல்லிக்கொண்டு போனார். அதிபர் கையெழுத்துப் போட்டால் மசோதா சட்டமாகும். மாட்டேன் என்றால், காரணம் எழுதி மசோதாவோடு சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் செய்யாமல் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் வைத்திருந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும். நாடாளுமன்றம் கலைந்து போயிருந்தால் கதை வேறு, மசோதா அதிபரின் சட்டைப்பையிலேயே செத்துப் போகும். உண்மையில் எல்லோரும் ஓட்டுக் கேட்க ஊருக்குப் போயாகிவிட்டது. ஆனால் போகவில்லை என்று காட்டுவதற்காக, செவ்வாயும் வெள்ளியும் இரண்டு சபையிலும் யாராவது ஒருவர் காலி மண்டபத்துக்கு வந்து சுத்தியலைத் தட்டி, அரை நிமிடத்தில் மறுபடி தட்டிவிட்டுப் போய்விடுவார். இதற்குப் பெயர் சபை நடக்கிறது. ரூஃபஸ் தன் வேலையை இந்த லட்சணத்தில் செய்திருந்தால் லூசிண்டா அவனை என்றைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

ஆகவே இன்று நள்ளிரவுதான் கெடு. அதற்குள் அந்த 'மாட்டேன்' செனட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மசோதா செனட்டில் பிறந்தது. பிறந்த வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அரசியல் சாசனம்.

"நேத்து மத்தியானம் நானே என் கையால கொண்டுபோய்க் கொடுத்தேன்," என்றார் பிரெஸ்காட். "இன்னைக்குக் காலைல விசாரிச்சா, ஒண்ணும் வரலையேங்கறாங்க செனட் ஆளுங்க. சபை சின்னதா இருந்தாலும் பொய் பெருசாத்தான் சொல்றாங்க."

இந்த வேலைக்கென்றே அதிபர் மாளிகையில் வழக்கமாக ஒரு ஆள் இருக்கிறார். அவரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அதிபரின் மறுப்பைக் கையில் ஏந்திக் கேப்பிடல் படியேறுகிற படம் ஊர்ப் பத்திரிகையில் வரட்டும் என்று பிரெஸ்காட்டே கிளம்பியிருக்கிறார். படம் எடுக்க வேண்டியவன் வரவில்லை.

"அந்தக் கட்டடத்துல சுத்தம்னு ஒண்ணு கிடையாதுங்க," என்று சலித்துக்கொண்டார். "பளிங்குப் படிக்கட்டுல யாரோ காப்பியைக் கொட்டி வச்சிருக்காங்க. அப்படியே ஊறிப் போயிருக்கு. நான் ஷூவுக்குப் பயந்து ஓரமா ஏறினேன்."

ரூஃபஸ் தலையைக் குனிந்துகொண்டான். முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

அது காப்பி இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆன ரத்தம். பத்திரிகைக்காரன் ஒருவனைக் காதைப் பிடித்துத் திருகி அவமானப்படுத்திய பழைய உறுப்பினர் ஒருவர், அதே நாளில் அவனிடமே குண்டடி பட்டு விழுந்த இடம். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகவில்லை என்று கதை. போன வசந்தத்தில் நெல்லைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனபோது அதன் முன்னாலேயே பிள்ளை அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படிக்கட்டு இருப்பது கட்டடத்தின் தெற்குப் பக்கம், பிரதிநிதிகள் சபையின் பக்கம். செனட் இருப்பது வடக்குப் பக்கம்.

அதிபரின் 'மாட்டேன்' தப்பான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊரில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று ரூஃபஸ் நினைத்தான். நள்ளிரவு வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஹிருட் பிழைத்துவிடுவாள். பிறந்ததிலிருந்து அவன் செய்யாத ஒரே காரியம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான்.

லூசிண்டா கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. யாரிடம் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"வாசல்ல நின்ன காவல்காரர்கிட்ட கிளார்க் ஆபீஸ் எங்கேன்னு கேட்டேன். கை காட்டினார். போய்க் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தம்பிக்கு எந்த ஊரு?"

"நெப்ராஸ்கா. தலைநகர் லிங்கன்ல கவர்னர்கிட்ட வேலை பார்த்தேன். அங்க இந்த மாதிரித் தலைவலியே கிடையாது மேடம்."

"அதான் பன்னைப் பார்த்தேன்," என்றாள் லூசிண்டா.

பிரெஸ்காட் கிளம்புமுன் ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னார். செனட்டில் தேட வேண்டும், செனட்டில் மட்டும். கிடைத்தால் அவர் கையில் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால், நன்றாகத் தேடினோம், செனட்டில் எதையும் ஒழுங்காக வைப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சாயங்காலத்துக்குள் எழுதித் தர வேண்டும். எப்படியானாலும் கூலி இரட்டிப்பு. லூசிண்டா தலையாட்டினாள். அவள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டி ரூஃபஸ் பார்த்ததில்லை.

அன்று மதியம் முழுக்க ரூஃபஸ் உழைத்த உழைப்பை அவன் படிப்பில் காட்டியிருந்தால் இந்நேரம் நீதிபதியாகியிருப்பான். செனட்டின் தபால் அறையைத் தேடலாம் என்றான், தேடினார்கள். அடித்தளத்தில் ஓடுகிற குட்டி ரயிலில் விழுந்திருக்கலாம் என்றான். அதில் ஏறி அந்தக் கோடி வரை போய், இறங்கி, மறுபடி ஏறித் திரும்பினார்கள். குழு அறை, காப்பி அறை, முடிதிருத்தும் கடை என்று ஒன்றையும் விடவில்லை. செனட் செயலாளர் அலுவலகத்தில் இருந்த அம்மாள் அவர்களை மேலும் கீழும் பார்த்து, இந்தச் சபையில் இதுவரை தொலைந்து போனது நேரம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

லூசிண்டா கூடவே வந்தாள். ரூஃபஸ் சொன்ன எந்த இடத்தையும் மறுக்கவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. இந்த அம்மாளிடம் எட்டு வருடம் சோறு தின்றிருக்கிறான், ஒரு பொய் சொன்னதில்லை. சொல்லித் தப்பித்ததில்லை என்பது இன்னும் சரி.

மணி நாலைத் தாண்டியபோது நடு மண்டபத்துக்கு வந்தார்கள், அந்தப் பெரிய குவிமாடத்துக்குக் கீழே. வடக்கே போனால் செனட், தெற்கே போனால் பிரதிநிதிகள் சபை. லூசிண்டா கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தெற்கே திரும்பினாள்.

"அந்தப் பக்கம் எதுக்கு மேடம்? அவரு செனட்ல மட்டும்னு சொன்னாரே," என்றான் ரூஃபஸ்.

"சொன்னாரு."

"எனக்குக் கால் வேற வலிக்குது."

"காலா, மனசா?"

பளிங்குப் படிக்கட்டு வந்ததும் லூசிண்டா கறைக்கு முன்னால் நின்றாள். பழுப்பாக, பரவலாக, யாரோ காப்பியைக் கொட்டினது போலத்தான் இருந்தது.

"நெல் இதை எனக்குப் படமாவே வரைஞ்சு கொடுத்திருக்கா. அங்கிள் ஒருத்தர் விழறாரு, பக்கத்துல நீ வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கற. கடையில அந்தப் பையன் காப்பின்னு சொன்னதும் நீ உருளைக்கிழங்குக்குள்ள தலையை விட்டியே, அப்பவே எனக்குத் தெரியும்டா."

ரூஃபஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஹிருட்டைப் பற்றிச் சொன்னான். ஜன்னலோரச் சீட்டு, குட் மார்னிங், ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் மேடம். நாம வீட்டுக்குப் போயிடுவோம். கிடைக்கலன்னு எழுதிக் கொடுத்துடுவோம். உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

லூசிண்டா அவனையே பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"கண்டுபிடிக்கறோம்னு கூலி பேசியிருக்கோம். எழுந்திரு."

போனை எடுத்து பிரெஸ்காட்டைக் கூப்பிட்டாள். உங்கள் உறை கிடைத்துவிட்டது, உடனே வாருங்கள், இந்த முறையும் காவல்காரரிடம் கிளார்க் ஆபீஸ் எங்கே என்றே கேளுங்கள் என்றாள். ரூஃபஸ் அந்த நிமிடம் அவளை வெறுத்தான். நாளையிலிருந்து வேலைக்கு வருவதில்லை என்று முடிவு கட்டினான். நெல்லிடம் என்ன சொல்வது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

பிரதிநிதிகள் சபையின் துணை கிளார்க் ப்ரூசார்ட் லூசியானாக்காரர். பெரிய வயிறு, சின்ன போ டை, பேச்சில் ஒரு ராகம். லூசிண்டாவைக் கண்டதும் நாற்காலி போட்டார், காவல் வேலை நாளிலிருந்து பழக்கம். நேற்று அதிபர் மாளிகையிலிருந்து ஒரு உறை வந்ததா என்று அவள் கேட்டாள். வந்ததே என்று பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் பெரிய வெள்ளை உறை படுத்திருந்தது. மேலே அதிபரின் முத்திரை, மேல்விலாசம் கிடையாது. யார் கொண்டு வந்தது என்று கேட்டதற்கு, போட்டோ எடுக்க யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர் என்றார்.

அந்த இளைஞர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். உறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா, செனட்காரங்க பொய்யை! இங்கயேதான் வச்சிருக்காங்க."

"தம்பி, இது செனட் இல்ல," என்றாள் லூசிண்டா.

பிரெஸ்காட் அறையைச் சுற்றிப் பார்த்தார். சபை என்றால் சபைதானே என்று முகம் கேட்டது.

"ஐம்பது மாநிலத்துல ஒரே சபை வச்சிருக்கறது உங்க நெப்ராஸ்கா ஒண்ணுதான். அங்க உறுப்பினருக்குப் பேரு செனட்டர், ஆபீஸருக்குப் பேரு கிளார்க், நுழைய ஒரே வாசல். பன்னைச் சில்லியில முக்கிச் சாப்பிடறது உங்க ஊர்ப் பழக்கம், அதுலயே ஊரு தெரிஞ்சுது. கிளார்க்கைக் கேட்டேன்னு சொன்னப்போ விலாசமும் தெரிஞ்சுது. செனட்ல கிளார்க் ஆபீஸ் கிடையாது, செயலாளர் ஆபீஸ்தான். காவல்காரர் நீங்க கேட்டதைச் சரியாத்தான் காட்டினாரு."

பிரெஸ்காட்டின் காது சிவந்தது. ஆனால் ஆள் சமாளித்துவிட்டார். சரி, பரவாயில்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐந்து நிமிட நடை, உறையைக் கொடுங்கள், ஓடிப் போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார். ரூஃபஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ப்ரூசார்ட் அலமாரியைச் சாத்திப் பூட்டினார்.

"முடியாதுங்க," என்றார்.

"என்ன முடியாது? அது என்னோட உறை."

"நேத்து வரைக்கும் உங்களோடது. இப்ப சபையோடது. சபைக்கு வந்த காகிதத்தைச் சபை சம்மதம் இல்லாம வெளிய விட எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்போ சபையைக் கேளுங்க."

"கேக்கலாமே. நாளைக் காலைல பத்து மணிக்குக் கூடும். ஒரே ஒரு ஆள் வருவாரு. நல்ல மனுஷன்."

நாளை காலை பத்து மணிக்கு நள்ளிரவு போய்ப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும் என்பது அதிபரின் வக்கீலுக்கே விளங்கியது. உள்ளே இருப்பது அதிபரின் மறுப்பாணை, வீட்டோ, என்று கத்தினார். உள்ளே என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியாது, சபை கூடித்தான் பிரிக்கும், அதிபரின் பிறந்தநாள் வாழ்த்தாகவும் இருக்கலாம் என்றார் ப்ரூசார்ட். வேறொரு பிரதி எடுத்துக்கொடுக்கிறேன் என்று பிரெஸ்காட் சொல்லிப் பார்த்தார். இரண்டு சபைத் தலைவர்களும் கையெழுத்திட்ட மூல மசோதா உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது அந்த உறைக்குள் இருக்கிறது என்பது வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"இது அதிபரோட உத்தரவு," என்றார் கடைசியில்.

"அவரு எனக்கு உத்தரவு போட முடியாதுங்க. நானும் அவருக்குப் போட முடியாது. இந்த ஒரு ஏற்பாட்டுனாலதான் ரெண்டு பேரும் இத்தனை நாள் நிம்மதியா இருக்கோம்."

பிரெஸ்காட் போனை எடுத்தார். செனட்டைப் பிடித்து, பக்கத்துச் சபையிலிருந்து உறையைக் கேட்டு வாங்கச் சொன்னார். பக்கத்துச் சபையின் அலமாரியைப் பற்றிப் பேசினாலே மரியாதைக் குறைவு என்று வைத்துவிட்டார்கள். தெரிந்த நீதிபதியம்மாள் ஒருவரைப் பிடித்தார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாராம். அதிபர் தானாகவே கொடுத்ததைச் சபையிடமிருந்து பிடுங்கி அதிபரிடமே கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டும், அப்படித்தானே என்று திருப்பிக் கேட்டாராம். பிறகு, ஒரு சபை தன் காகிதத்தை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்பதில் நீதிமன்றம் மூக்கை நுழைப்பதில்லை, எதற்கும் மனுவாகக் கொடுங்கள், அடுத்த புதன்கிழமை பார்க்கலாம் என்றாராம். மூன்று கதவையும் தட்டியாயிற்று. மூன்றும் மரியாதையாகவே சாத்திக்கொண்டன.

ரூஃபஸ் மெல்லத் திரும்பினான். நடப்பது அவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே தேனாக இனித்தது.

பிரெஸ்காட் டையைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் மறுபடி பழைய கர்வம் வந்து உட்கார்ந்தது.

"போகட்டும். மிஸ் பெக், செனட்ல தேடினீங்க, கிடைக்கல. அதை மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

"பார்த்துக்கறதுன்னா, பத்திரிகைக்குக் கொடுக்கற அறிக்கைதானே?" என்றாள் லூசிண்டா. "'அதிபர் நேத்தே திருப்பி அனுப்பிட்டார், செனட்தான் தொலைச்சிடுச்சு.' எழுதி ரெடியா வச்சிருப்பீங்க. தேடினது ஒரு வெளியாள், கிடைக்கலன்னு கையெழுத்தும் போட்டாச்சு. ஆக மசோதா சட்டமாகலன்னு சொல்லிடலாம். செனட் கோர்ட்டுக்குப் போகும், கேஸ் ரெண்டு வருஷம் நடக்கும். அந்தப் பொண்ணு அடுத்த வாரமே விமானத்துல இருப்பா."

பிரெஸ்காட் கோட்டுப் பையிலிருந்து துருத்திய காகிதத்தை உள்ளே தள்ளினார்.

"இப்ப அது நடக்காது தம்பி. உறை செனட்டுக்குப் போகவே இல்ல. நேத்துலேருந்து இந்த அலமாரியிலதான் இருக்கு. கொடுத்தது நீங்க, வாங்கினது இவரு. இவரோட சபையே சாட்சி. நான் அறிக்கை எழுதித்தான் தரப்போறேன், இதை எழுதி. நகல் ஒண்ணு ப்ரூசார்ட்டுக்கும்."

ரூஃபஸுக்கு இப்போதுதான் விளங்கியது. கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று படிக்கட்டில் உட்கார்ந்து கெஞ்சினது அவன்தான். ஹிருட்டை விமானத்தில் ஏற்ற பிரெஸ்காட்டுக்குக் குறைந்த ஒரே காகிதம் அதுதான். மதியம் முழுக்கக் குட்டி ரயிலில் ஏறி இறங்கி, அதை முடித்துக் கொடுக்கத்தான் அவன் வியர்த்திருக்கிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான், கால் நிஜமாகவே வலித்தது.

"நீங்க யாருக்காக வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார் பிரெஸ்காட். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"உங்களுக்காகத்தான். தொலைஞ்சதைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க." லூசிண்டா அலமாரியைக் கைகாட்டினாள். "அதோ இருக்கு. பில் நாளைக்கு வரும்."

வெளியே வரும்போது ரூஃபஸ் எத்தனையோ சொல்ல நினைத்தான். மன்னிப்பு என்று ஆரம்பித்தான். லூசிண்டா காரின் கதவைத் திறந்தபடி, மத்தியானம் பூரா உன்னைச் சுத்தவிட்டது தண்டனைக்கில்லை, செனட்ல எந்த மூலையையும் விடலன்னு அறிக்கையில் எழுதணுமே, அதுக்குத்தான் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவனுக்கு நிறுத்த முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

நள்ளிரவு வந்து போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே ஒரு உறுப்பினர் காலி மண்டபத்துக்கு வந்து, சட்டமாகிவிட்ட ஒரு மசோதாவைச் சட்டமாக விட மாட்டேன் என்று அதிபர் எழுதியிருந்ததைக் கேட்கப் போகிறார். அதற்கெல்லாம் முன்பே, விடிந்து கொஞ்ச நேரத்தில், சில்வர் ஸ்பிரிங்கில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. சிவப்பு விளக்குகள் மினுங்கின. பக்கவாட்டில் 'நில்' பலகை கை நீட்டியது போல விரிந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றன.

கதவு திறந்தது. டிரைவர் சீட்டுக்கு மேலே, படங்கள் இருந்த இடத்தில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. ஹிருட்டின் கண்கள் தூங்காத கண்கள். நெல் படியேறி, பையிலிருந்து ஒட்டகச்சிவிங்கியை எடுத்து நீட்டினாள்.

"இதை ஏன் கண்ணு திரும்பக் கொண்டு வந்தே? உனக்குத்தானே கொடுத்தேன்," என்றாள் ஹிருட்.

"அப்பா கொண்டு போகச் சொன்னாரு. இது இருக்க வேண்டிய இடம் இதுதானாம்."

ஹிருட் தலையைத் தூக்கி, படிக்குக் கீழே நின்றிருந்த ரூஃபஸைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் கையசைத்ததைத் தவிர அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய் இப்போது தடுமாறியது.

"அதிபர் மாட்டேன்னுதாம்மா சொன்னாரு," என்றான். "ஆனா வேற வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிட்டாரு. ராத்திரியே சட்டமாயிடுச்சு. நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அவளுக்கு உடனே புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். ஹிருட் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நெல் ஒன்றும் கேட்காமல் படத்தை அந்தப் பழைய பசையின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. அதில் அரசாங்க நம்பர் போட்ட நீளமான கறுப்பு கார் ஒன்றும் நின்றது, உள்ளே யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ்ஸின் பலகை விரிந்திருக்கும்வரை அவர் யாராயிருந்தாலும் நகரக் கூடாது, சட்டம். அதை மடக்குகிற பித்தான் ஹிருட்டின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அழுது முடிக்கிறவரை அதைத் தொடவில்லை.